மறு: சிங்கிள் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஆல்பமாக இல்லாமல் தனியாக வெளியாகும் சிறிய இசைத்தட்டுதான் சிங்கிள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> சிங்கிளுக்குத் 'தனிப்பாடல்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். தனிப்பாடல் என்றதும் எனக்கு முன்னால் காளமேகம் வந்து நிற்கிறார். அதைக்கூட விட்டுவிடலாம், ஒரே சொல் இரண்டு துறையில் புழங்குவது புதிதல்ல. என் சிக்கல் எண்ணிக்கையில். சிங்கிள் தட்டில் இருப்பது ஒரு பாட்டு இல்லை, இரண்டு.

தி டேம்ண்ட் குழுவின் 'நியூ ரோஸ்' தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976 அக்டோபர் 22 அன்று லண்டனில் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பிரிட்டிஷ் பங்க் (எழுபதுகளின் முரட்டு ராக் இசை) குழுக்களில் முதலில் சிங்கிள் போட்டவர்கள் இவர்கள்தான். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பாடகர் டேவ் வேனியன் வம்பு பேசும் குரலில் ஒரு வரி சொல்கிறார். ஷாங்ரி-லாஸ் என்ற பெண்கள் குழுவின் 1964ஆம் ஆண்டுப் பாட்டைக் கிண்டலடிக்கும் வரி அது. சொல்லி முடித்ததும் ராட் ஸ்கேபீஸின் டிரம்ஸ் தடதடவென்று இறங்குகிறது.

சரி, தட்டைத் திருப்பிப் போடுங்கள். பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' பாட்டை டேம்ண்ட் குழு பாடுகிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி இரண்டு நிமிடத்துக்குள் பாடி முடித்துவிடுகிறார்கள். அடுத்த பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 'நியூ ரோஸ்' உண்டு, இது கிடையாது. அப்போது இதைக் கேட்க வேண்டுமென்றால் சிங்கிளைத்தான் வாங்கியாக வேண்டும். 'தனிப்பாடல்' என்று பெயர் வைத்தால் இந்தப் பாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

> தனி + வெளியீடு = தனியீடு

ஒலி அழகாக இருக்கிறது. ஆனால் வங்கியில் நகையை ஈடு வைத்த நினைப்பு வருகிறது. வைணவர்களுக்கோ திருவாய்மொழியின் உரையான ஈடு நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'தனித்தட்டு'. இசைத்தட்டு ஏற்கெனவே நம் வாயில் பழகிய சொல், ஆல்பத்திலிருந்து பிரிந்து நிற்பதைத் 'தனி' சொல்லிவிடுகிறது. இப்போதெல்லாம் தட்டே இல்லையே என்று கேட்பீர்கள். செல்பேசிக்குள் எந்த மணியும் இல்லை, ஆனாலும் 'மணி அடிக்குது, எடு' என்றுதானே சொல்கிறோம்.

இரண்டாம் பக்கத்துப் பாட்டுக்குப் 'பின்பாட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். பின்பாட்டு என்றால் இன்னொருவருக்கு ஒத்து ஊதுவது. பீட்டில்ஸை இந்தப் பாடு படுத்தியவர்களை அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். 'மறுபக்கப் பாட்டு' போதும், கூட்டிச் சேர்க்க ஒன்றுமில்லை.

பி.கு.: 'ஏழங்குலத் தட்டு' என்று அளவை வைத்துப் பெயரிடுவதும் சரிவராது. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் குழு வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' அதே ஏழங்குலம்தான், ஆனால் நான்கு பாட்டு, அது ஈ.பி. (சிங்கிளைவிடப் பெரிது, ஆல்பத்தைவிடச் சிறிது). நம் பழைய சினிமா ஈ.பி. தட்டுகளும் அந்த அளவுதானே. ஈ.பி.க்கு என்ன சொல்லலாம் என்பதைத் தனி இழையில் பேசுவோம்.