மறு: என்டோகிரைன் டிஸ்ரப்டர் – ‘ஓமோன் குழப்பி’ எனலாம்

ஐயா, வணக்கம்.

உடலில் ஓமோன்களின் (ஹார்மோன்களின்) வேலையைக் கெடுக்கும் இரசாயனங்களை ஆங்கிலத்தில் ‘என்டோகிரைன் டிஸ்ரப்டர்’ என்கிறார்கள். கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு நீங்கள் முன்வைத்த ‘நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்’ பொருளில் பிழையற்றது. ஆனால் இலங்கையில் நாங்கள் ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’ என்றே படித்தோம். அது கிடக்கட்டும். வன்னியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவரிடம் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல் எனக்கு வேண்டும். அவருக்குத்தானே இது முதலில் தேவை?

‘ஓமோன் நஞ்சு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வன்னியில் பூச்சிகொல்லிக்குப் பெயர் ‘மருந்து’. போன காலபோக நெற்செய்கையில் பெரியப்பா வரம்பில் குந்தியிருந்து வெறுங்கையால் மருந்து கலக்கினார். கையுறை போடச் சொன்னேன். “சத்தியும் (வாந்தியும்) இல்லை, தலைச்சுற்றும் இல்லை. கை கழுவினால் மணமும் போய்விடும். பிறகென்ன?” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறையின் பிள்ளை அவர். வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. (DDT) என்ற பூச்சிகொல்லி அடித்த காலத்தில் நோய் அடங்கியது; 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே பதிவானார்கள். ‘மருந்து’ என்று அவர் சொல்லும்போது அந்த நன்றியும் எனக்குக் கேட்கிறது.

அதே டி.டி.ரி. உடலுக்குள் டி.டி.ஈ. (DDE) என்ற வேறொரு இரசாயனமாக மாறுகிறது. ஆண் ஓமோன் பொருந்தவேண்டிய வாங்கியில் (உயிரணுவில் ஓமோனை ஏற்கும் இடத்தில்) அது போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கிறது. சத்தி வராது, மணம் இராது. ‘நஞ்சு’ என்று பெயரிட்டால், நஞ்சுண்டவர் படும் பாட்டைத்தான் ஊர் எதிர்பார்க்கும். அந்தப் பாட்டைக் காணாதபோது ஆபத்தே இல்லை என்று விட்டுவிடும்.

‘குழப்புதல்’ எங்களுக்கு அன்றாடச் சொல். கூட்டத்தைக் குழப்பினார்கள், கலியாணத்தைக் குழப்பினார்கள் என்கிறோம். அங்கே யாரும் செத்து விழுவதில்லை; நடக்கவேண்டியது நடக்கவேண்டிய நேரத்தில் நடக்காமல் போகிறது. இந்த இரசாயனங்கள் செய்வதும் அதுதான். பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனோல் ஏ போல ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனாக நடிப்பது, டி.டி.ஈ. போல வாங்கியை அடைப்பது, சுரக்கும் அளவையே மாற்றுவது எல்லாம் இச்சொல்லில் அடங்கும். முன்பு பேசப்பட்ட ‘போலி ஓமோன்’ நடிப்பதை மட்டுமே சொல்லும்.

பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவருடைய மகள் பிள்ளைத்தாய்ச்சி. மருந்தடிக்கும் நாளிலும் வயலுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகிறவள். கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, “வயிற்றில் கிடக்கிற பிள்ளையின் ஓமோனையும் குழப்புமோ?” என்று கேட்டார். ‘நஞ்சு’ என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் அவர் கேட்காத கேள்வி இது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட வரையறையிலும் சந்ததிக்கு நேரும் கேடு சேர்க்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் விளக்கம் எழுதும்போது அதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ‘ஹார்மோன் குழப்பி’ என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ‘குழப்பி’ மட்டும் இரு கரையிலும் ஒன்றாக இருக்கட்டும்.