கேம் நடுவில் "டிவைஸ் ஹங்" என்று மூடிக்கொள்கிறது: ஆர்டிஎக்ஸ் 3080, ஃபர்மார்க்கில் மட்டும் பிரச்சினை இல்லை

நள்ளிரவு_கேமர்:

நண்பர்களே, ஒரு டிஎக்ஸ்12 (டைரக்ட்எக்ஸ் 12) ஓப்பன் வேர்ல்ட் கேம் 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடுகிறது. படம் அப்படியே உறைந்து, இரண்டு மூன்று வினாடி திரை கறுப்பாகி, டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். பிழை எண் 887ஏ0006, டிவைஸ் ஹங், அதாவது கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. பிசி ரீஸ்டார்ட் ஆவதில்லை.

சிஸ்டம்: ரைசன் 7 5800எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி கிராபிக்ஸ் கார்டு (செகண்ட் ஹேண்ட், வாரன்டி இல்லை, இரண்டு 8-பின் மின் இணைப்பு), டிடிஆர்4 3600 ரேம் 32 ஜிபி, எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன், 750 வாட் கோல்ட் பவர் சப்ளை, விண்டோஸ் 11.

கோர் வெப்பம் 74 டிகிரியைத் தாண்டவில்லை. ஃபர்மார்க் (கார்டுக்கு முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் புரோகிராம்) 30 நிமிடம் ஓடினாலும் ஒன்றும் ஆகவில்லை. கேமில் மேப்பைத் திறக்கும்போதும் லோடிங் முடியும்போதும்தான் அதிகமாக விழுகிறது. கேம் ஃபைல் வெரிஃபை, டிரைவர் ரீஇன்ஸ்டால், விண்டோஸ் ரீஇன்ஸ்டால் எல்லாம் பார்த்தாயிற்று. கார்டு போய்விட்டதா?

வோல்ட்மீட்டர்:

கார்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் சொன்னதில் முக்கியமானது இரண்டு: மேப் திறக்கும்போது விழுவது, ஃபர்மார்க்கில் விழாதது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

ஃபர்மார்க் ஓடும்போது கார்டு சில வினாடிகளில் 320 வாட் எல்லையில் முட்டிவிடும். உடனே தன் கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) குறைத்துக்கொள்ளும், வோல்டேஜும் இறங்கும். அதாவது கார்டு மிக நிதானமாக இருக்கும் நிலையைத்தான் நீங்கள் அரை மணி நேரம் சோதித்திருக்கிறீர்கள். மேப் திறந்தால் லோடு சட்டென்று இறங்குகிறது, கிளாக் உச்சத்துக்கு ஏறுகிறது. மூடியதும் முழு லோடு ஒரே அடியாக விழுகிறது. அந்தத் தாவலில்தான் பலவீனம் வெளிப்படும். ஃபர்மார்க் தேறியது கூலிங் சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

முதலில் செலவில்லாத சோதனை. ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் புரோகிராம்) கோர் கிளாக் மைனஸ் 100 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். மெமரி கிளாக், பவர் லிமிட் எதையும் தொட வேண்டாம். அதே கேமை மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் கேமையும் டிரைவரையும் சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளலாம். ஃபேக்டரி ஓவர்கிளாக்கை (தயாரிப்பாளரே கூட்டி வைத்த வேகத்தை) கார்டு தாங்கவில்லை, அல்லது அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை. அப்போதும் விழுந்தால் கோரை பழையபடி வைத்து மெமரியை மைனஸ் 500 பண்ணிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போகும்.

இன்னொன்று: பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு எத்தனை கேபிள் வருகிறது? ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8-பின் தலை இருக்கிறதா?

பழைய_சாலிடர்:

கேபிள் கேள்வியை நானும் வழிமொழிகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். 320 வாட்டில் மீதி சுமார் 250 வாட் அந்த 8-பின்களில் வர வேண்டும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 21 ஆம்பியர். 8-பின் தலையில் 12 வோல்ட் கம்பி மூன்றுதான். இரட்டைத் தலை கேபிள் ஒன்றை மட்டும் போட்டால் பவர் சப்ளை பக்கம் அந்த மூன்று பின்னிலும் ஒவ்வொன்றுக்கும் 7 ஆம்பியர். தனித்தனி இரண்டு கேபிள் போட்டால் அதில் பாதி. இது சராசரிக் கணக்கு மட்டுமே. கண நேரத்தில் இந்தக் கார்டு 400 வாட்டைத் தாண்டி இழுக்கும், அப்போது கம்பியிலும் பின்னிலும் வோல்டேஜ் விழும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் (சென்சார் அளவுகளைக் காட்டும் புரோகிராம்) கார்டு பகுதிக்குள் 8-பின் இன்புட் வோல்டேஜ் வரிசை இருக்கிறதா பாருங்கள். பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 11.4 வரை இறங்க அனுமதி. ஆனால் அந்த அளவி நொடிக்கு ஒருமுறை போல்தான் எடுக்கும், உண்மையான பள்ளம் அதற்குக் கீழே போயிருக்கும். லோடில் 11.6-க்குக் கீழே காட்டினால் நான் கேபிளை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: வேறு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைத் தலை பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். கார்டு எரிந்துவிடும். பெட்டியோடு வந்த கேபிள் மட்டுமே.

செகண்ட் ஹேண்ட் என்பதால் மெமரி ஜங்ஷன் வெப்பமும் பாருங்கள். கோர் 74 காட்டும்போதே ஜிடிடிஆர்6எக்ஸ் (கார்டின் மெமரி சிப்) 104, 106 என்று கொதித்துக்கொண்டிருக்கலாம். 110-ல் அது தானே வேகத்தைக் குறைக்கும். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம். தெர்மல் பேட் (மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) மாற்றுவதாக இருந்தால் தடிமனை ஊகிக்காதீர்கள், பழைய பேடில் அழுந்தாத ஓரத்தை அளந்து அதே அளவு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது. மெமரி குளிர்ந்து கோர் கொதிக்கும்.

கர்னல்_தோழன்:

மின்சாரப் பக்கத்தை இருவரும் சொல்லிவிட்டதால் நான் லாகுக்கு வருகிறேன். ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி" என்று தட்டினால் நாள்வாரியாகப் பட்டியல் வரும். அதில் லைவ் கர்னல் ஈவென்ட் 141 அல்லது 117 இருந்தால் சிப் பதில் சொல்லாமல் நின்றதால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டபிள்யூஹெச்இஏ லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈவென்ட் எண் 17 வரிசையாக வந்தால் பிசிஐஇ இணைப்பில் (கார்டு மதர்போர்டோடு பேசும் வழி) பிழை. ரைசர் கேபிள் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) போட்டிருந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் பயாஸில் ஸ்லாட்டை பிசிஐஇ மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு (ஜென் 3) இறக்குங்கள், எஃப்பிஎஸ் இழப்பு மிகச் சிறிது. 18 வந்தால் கார்டை விட்டுவிட்டு பிராசசரைப் பாருங்கள். கர்வ் ஆப்டிமைசரில் (பிராசசர் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) அதிக மைனஸ் கொடுத்த ரைசன்களில் இது சகஜம்.

டிடிஆர் டிலே (TdrDelay: கார்டை ரீசெட் செய்யுமுன் விண்டோஸ் காத்திருக்கும் நேரம், டிடிஆர்4 ரேமோடு தொடர்பில்லை) என்ற ரெஜிஸ்ட்ரி அமைப்பை 2 வினாடியிலிருந்து 8 அல்லது 10 ஆக்கு என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது மருந்து அல்ல. ஆனால் சோதனையாகப் பயன்படும்: 8 வைத்த பிறகு படம் சில வினாடி உறைந்து தானே மீண்டால் வேலை கனமாக இருந்தது, அவ்வளவே. 8 வினாடி முழுக்க உறைந்து அதன் பிறகும் விழுந்தால் சிப் நிஜமாகவே நின்றுவிட்டது. பார்த்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்எம்பியை ஒரு நாள் அணைத்து ஓட்டுங்கள். ரேம் பிழையும் கிராபிக்ஸ் பிழை வேஷத்தில் வரும். இதே அறிகுறியோடு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் கவனிக்க: அன்ரியல் எஞ்சின் கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று விழுந்த பல இடங்களில் குற்றவாளி கார்டு இல்லை, பிராசசர். அளவுக்கு மீறிய வோல்டேஜ் பற்றி இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024-இல் மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும் பிராசசர் திருத்தம்) வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸ் அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கெட்ட சிப்பை மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நள்ளிரவு_கேமர்:

ஒரே கேபிள், இரட்டைத் தலைதான் இருந்தது. லோடில் 11.52 காட்டியது. மைனஸ் 100-இல் மூன்று மணி நேரம் விழவில்லை. பிறகு பவர் சப்ளை பெட்டியிலிருந்த இரண்டாவது கேபிளையும் போட்டேன்: இப்போது 11.88, பழைய கிளாக்கிலேயே இரண்டு நாளாக ஒரு முறையும் விழவில்லை. ரிலையபிலிட்டியில் முன்பு 141 ஏழு முறை, இப்போது புதிதாக எதுவும் இல்லை. மெமரி ஜங்ஷன் மட்டும் 102.

வோல்ட்மீட்டர்:

நல்லது. 102-க்கு உடனே கார்டைப் பிரிக்க வேண்டியதில்லை, அண்டர்வோல்ட் பண்ணுங்கள், அதாவது கார்டைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி வோல்டேஜ்-கிளாக் வளைவைத் திறந்து, 850 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்குத் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். விழுந்தால் 875-க்குப் போங்கள். எஃப்பிஎஸ் சில சதவீதம்தான் குறையும், வாட்டோ 50-க்கு மேல் இறங்கும், பெட்டிக்குள் சூடும் அதோடு குறையும். மெமரி ஓவர்கிளாக் வேண்டாம். ஜிடிடிஆர்6எக்ஸ் பிழை வந்தால் விழாமல் மறுபடி அனுப்பிச் சமாளிக்கும், அதனால் கிளாக் ஏறினாலும் எஃப்பிஎஸ் இறங்கும்.

எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கு மூன்று கீழே கட்டிவையுங்கள், 144 என்றால் 141. மேப்பிலும் மெனுவிலும் கார்டு வீணாக 400, 500 ஃப்ரேம் வரைந்து துள்ளுவது அதோடு நிற்கும்.

பழைய_சாலிடர்:

கேபிள் மாற்றியபோது பழைய தலையின் பின்களைப் பார்த்தீர்களா? பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ பின் தளர்ந்திருந்தாலோ அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பவர் சப்ளை தயாரிப்பாளரிடமே அதே மாடலுக்கானதைக் கேட்டு வாங்குங்கள். கார்டு பக்கத்து சாக்கெட்டையும் டார்ச் அடித்து ஒரு முறை பாருங்கள்.