ரஷ்யாவின் நொரில்ஸ்க் நிக்கல் சுரங்க நிறுவனத்தின் 38 சதவீதத்தை 17 கோடி டாலருக்குக் கொடுத்தது கொள்ளையா, வேறு வழியில்லாத முடிவா?

கதிரவன்:
1995இல் ரஷ்ய அரசின் கஜானா காலி. வங்கிகளிடம் கடன் வாங்கி, பெரிய நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்தார்கள். கடன் திரும்பாவிட்டால் வங்கியே பங்கை விற்றுக்கொள்ளலாம். அரசு திருப்பிக் கொடுக்கவே இல்லை. நொரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் 17 கோடி டாலருக்குத் தொழிலதிபர் பொத்தானினின் ஒனெக்சிம் வங்கி வசம் போனது. ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிதான்! 35.5 கோடி தர வந்த இன்னொரு வங்கியை, உத்தரவாதம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். பட்டப்பகல் கொள்ளை இது.

செல்வி:
ஏலம் நேர்மையாக நடக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் ஆலைகள் யார் கையில் இருந்தன, கதிரவன்? சோவியத் காலத்து ஆலை நிர்வாகிகளான 'சிவப்பு இயக்குநர்கள்' கையில். எண்ணெயைத் தங்களுக்கு வேண்டிய தரகு நிறுவனங்களுக்கு மலிவாகத் தள்ளிவிட்டு லாபத்தை ஒதுக்கினார்கள். தொழிலாளிக்கு மாதக்கணக்கில் சம்பளம் கிடையாது. தொழிலதிபர் கோதர்கோவ்ஸ்கி கைக்கு வந்த யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தில் 1999க்கு அப்புறம் உற்பத்தி மளமளவென்று ஏறியது.

யாழினி:
நீங்கள் இருவருமே 1995இல் ஆரம்பிக்கிறீர்கள். 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த வங்கிச் சேமிப்பு கரைந்தே போனது. அப்புறம் அக்டோபரில் ஆளுக்கொரு தனியார்மய வவுச்சர், அதாவது அரசு நிறுவனப் பங்காக மாற்றிக்கொள்ளும் சீட்டு, முகமதிப்பு 10,000 ரூபிள். அது இரண்டு வோல்கா கார்களுக்குச் சமம் என்றார் தனியார்மயத்தை நடத்திய சுபைஸ். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! எத்தனையோ பேர் அந்தத் தாளைத் தெருமுனையில் நின்ற தரகரிடம் சில பாட்டில் வோட்காவின் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கையில் ரொக்கம் இருந்தவன் மூட்டை மூட்டையாக வாங்கினான். எனக்கு ஏலத்தைவிட இதுதான் மனதை அறுக்கிறது.

கதிரவன்:
யாழினி சொல்வது முழுக்கச் சரி. செல்வி, யூகோஸ் உற்பத்தி ஏறியபோது உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறியது. 1998இல் ரூபிள் விழுந்ததால் செலவும் குறைந்தது. அதை விடுங்கள். சிவப்பு இயக்குநர்களை விரட்டத்தான் இந்தத் திட்டம் என்றால், சுர்குட்நெஃப்ட்கஸ் எண்ணெய் நிறுவனத்தின் கதை என்ன? ஏலத்தன்று சுர்குட் விமான நிலையத்தையே மூடினார்கள், வெளியாள் யாரும் வந்து இறங்கக்கூடாது என்று. ஜெயித்தது அந்த நிறுவனத்தின் ஓய்வூதிய நிதி. பழைய இயக்குநர் பக்தானோவ் நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

செல்வி:
சுர்குட் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1996 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் சுகானோவ் ஜெயித்துத் தனியார்மயத்தைத் திருப்பிவிடுவார் என்ற பயம் நிஜம். அரசு விற்காமல் காத்திருந்தால் அந்த ஆலைகள் பிழைத்திருக்கும் என்று நான் இன்னும் நம்பவில்லை.