குருவிக்கு வைக்கும் தினையை மாடப்புறா விடுவதில்லை, என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணம் மொட்டைமாடி:
வணக்கம். எதிர்வீட்டு ஷட்டர் இடுக்கில் கூடு கட்டியிருக்கும் சிட்டுக்குருவிகளுக்காக, காலையில் தினையும் கம்பும் கலந்து அகலமான மண்தட்டில் மாடியில் வைக்கிறேன். இப்போது தட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மாடப்புறாக் கூட்டம் இறங்கிவிடுகிறது. பக்கத்து அரிசி மண்டிக் கூரையில்தான் அவற்றின் குடித்தனம். தட்டில் ஏறி நின்று பாதியைத் தின்று, பாதியை இறைத்துவிட்டுப் போகின்றன. அப்புறம் காக்கை. குருவிகள் கேபிள் ஒயரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மாமியார் குச்சியோடு விரட்டினால் முதலில் பறப்பது குருவிதான். புறா நாலடி தள்ளி நின்று அவரையே பார்க்கிறது! பழைய சிடி தொங்கவிட்டால் அதன் மேலேயே எச்சம். வடகம் காயவைக்க முடியவில்லை, தீனி வைப்பதை நிறுத்து என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

பாலக்கோடு பட்டறை:
அக்கா, முதலில் அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். அகலத் தட்டு வைப்பது புறாவுக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி. அதற்குக் காலூன்றி நிற்க இடம் வேண்டும், ஆடுகிற தண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தின்ன வராது. சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் அது விளையாட்டு. அந்தக் காலத்தில் வீட்டு முற்றத்தில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார்களே, அதுவே போதும். கம்பங்கதிரும் கட்டலாம். சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள், கைப்பிடிச் சுவரில் நின்றபடியே எட்டிக் கொத்தும்.

கதிர் கிடைக்காத மாதங்களுக்குக் கூண்டு. எங்கள் பட்டறையில் இரண்டு மூன்று பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். 1.5 அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்கிப் பெட்டியாக மடித்துக் கட்டுக்கம்பியால் முடுக்குங்கள். குருவி அதில் சுலபமாக நுழையும். புறா, காக்கை, மைனா எதுவும் நுழையாது. சின்னக் கூண்டு மட்டும் வேண்டாம். தீனிக் கிண்ணத்துக்கும் வலைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் முக்கால் அடியாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியே நின்று கழுத்தை விட்டே காலி பண்ணிவிடும். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க விடாமல் மடக்குங்கள். அணில் நுழையும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

சாமை மாதிரிப் பொடித் தானியம் வைத்தால் புறா வராது என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், அதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்.

தருமபுரி பழைய வாத்தியார்:
கூண்டெல்லாம் சரி தம்பி. காக்கைக்கு வைக்காமல் சாப்பிடாத வீடுகள் இருக்கின்றன, எங்கள் வீடும் ஒன்று. அமாவாசையன்று காக்கையையும் விரட்டச் சொல்கிறீர்களா?

பாலக்கோடு பட்டறை:
ஐயா, விரட்ட வேண்டாம், தனியாக வையுங்கள் என்கிறேன். குருவிக்குத் தீனி மாடியில் என்றால் காக்கைச் சோறு கொல்லைப்புறத்தில். காக்கை குருவிக்கூட்டில் முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். கூட்டுக்குப் பக்கத்திலேயே அதைக் கூப்பிட்டுப் பழக்கினால் அந்தக் குருவிக்குத் தீனி வைத்துத்தான் என்ன பயன்?

பென்னாகரம் காட்டோரம்:
உங்களுக்குப் புறாதானே! எங்களுக்கு மயில். கேழ்வரகு காயவைத்தால் குடும்பத்தோடு வந்து நிற்கிறது. இங்கே ஒருவர் கண்ணி வைக்கலாமா என்று கேட்டார். அந்த நினைப்பே வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தாலே வழக்கு. தானியத்தின் மேல் வலை விரித்து நாலு பக்கமும் கல் வைப்பதுதான் நாங்கள் செய்வது. மாடித் தரையில் சிந்தியதை மட்டும் சாயங்காலமே கூட்டிவிடுங்கள் அக்கா. இருந்தால் ராத்திரி எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

காவேரிப்பட்டணம் மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. நெற்கதிருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், கூண்டும் செய்யச் சொல்கிறேன். ஒரு சந்தேகம். தீனி கிடைக்காவிட்டால் புறாக்குஞ்சு பட்டினி கிடக்காதா? மாமியார் கேட்கிறார். (குச்சி எடுத்தவரேதான்!)

பாலக்கோடு பட்டறை:
அரிசி மண்டி பக்கத்தில் இருக்கும்போது அதற்கு என்ன குறை அக்கா! புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப்பையில் ஊறும் பாலைக் கொடுத்து வளர்க்கிறது, புழு பூச்சி தேட வேண்டியதில்லை. தானியம் மட்டும் கிடைத்தாலே வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். குருவி அப்படி இல்லை. பெரிய குருவி தினை தின்னும், குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். மாடியில் செடி வைத்திருந்தால் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கத்தரிச் செடியில் நாலு புழு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கூண்டுக்கு அளவு வேண்டுமானால் மாடியின் படம் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.