புதுப்பிப்பு: 1889 பேஸ்பால் பட்டம், இரண்டு தோல்வியில் போனது

அமெரிக்காவின் நேஷனல் லீக் பேஸ்பால் தொடரில் நியூயார்க் ஜயண்ட்ஸ், பாஸ்டன் இரண்டு அணிக்கும் 83 வெற்றி, ஆகவே சமன் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். தவறு என்னுடையதுதான், தோல்விக் கணக்கைப் பார்க்கவே இல்லை. நியூயார்க்குக்கு 43, பாஸ்டனுக்கு 45. அந்தக் காலத்தில் வரிசையை முடிவு செய்தது வெற்றி விகிதம். ஏனென்றால் எல்லா அணியும் ஒரே எண்ணிக்கையில் ஆடி முடித்ததில்லை. மழையில் போன ஆட்டம் சில நேரம் போனதுதான். விகிதம் .659, .648. அவ்வளவுதான் வித்தியாசம்!

அக்டோபர் 5, கடைசி நாள். நியூயார்க் கிளீவ்லாந்தை வென்றது, பாஸ்டன் பிட்ஸ்பர்கிடம் தோற்றது. பாவம் பந்துவீச்சாளர் ஜான் கிளார்க்சன். அந்த ஆண்டு பாஸ்டனுக்காக 620 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வீசி 49 ஆட்டம் ஜெயித்தவர். கை இருந்ததே பெரிது. அப்புறம், வெற்றிகளை மட்டும் வைத்து நான் போட்ட பழைய அட்டவணையை நீக்கிவிட்டேன்.