மும்பையில் ஒன்றரை நாள்: மும்பைவாசிகள் உதவ வேண்டும்

கணவன் மனைவி இருவர். ஞாயிறு காலை 7 மணிக்கு சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) வருகிறோம். திங்கள் இரவு 9 மணிக்கு லோக்மான்ய திலக் முனையத்தில் ரயில்.

எலிபண்டா குகைகள் திங்களன்று மூடியிருக்கும். அதனால் கூட்டம் இருந்தாலும் ஞாயிறுதான் அங்கே. கேட்வே ஆஃப் இந்தியாவில் காலை 9 மணிக்கே படகு ஏறினால், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் படிக்கட்டு, திரிமூர்த்தி சிலை என்று மதியம் 2 மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஞாயிறுகளில் மெகா பிளாக் என்று பராமரிப்பு வேலைக்காகச் சில தடங்களில் லோக்கல் ரயில்களை நிறுத்துவார்கள் என்பதால் அன்று முழுக்க கொலாபா, கோட்டைப் பகுதி, மாலையில் மரைன் டிரைவ். எல்லாம் நடை அல்லது டாக்சிதான். கன்ஹேரி குகைகளுக்கும் திங்கள் விடுமுறை, ஆகவே அதை விட்டுவிட்டோம். சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் திங்களன்றும் திறந்திருக்கும் என்பது ஆறுதல்.

சிக்கல் திங்கள் மாலைதான். சிஎஸ்எம்டியில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் ஏறி, லோக்மான்ய திலக் முனையத்துக்கு அருகே உள்ள திலக் நகரில் இறங்குவதா, ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாக டாக்சியா? புறப்படும் நிலையம் என்பதால் ஏறிவிடலாம். மாலை 6 மணிக்கு இரண்டு பெட்டிகளோடு இறங்க முடியுமா என்பதே பயம். டாக்சி என்றால் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

இன்னொன்று: சிஎஸ்எம்டி கிளோக் ரூமில் (பெட்டிகளை விட்டுச் செல்லும் அறை) பூட்டில்லாத பையை வாங்குவார்களா? சமீபத்தில் வைத்தவர்கள் சொல்லுங்கள்.