கேம்பஸ்ல ஜெபம் மட்டும் போதும்னு சொல்றவங்க ஓசானாம் விறகு தூக்கின கதையைப் படிச்சிருக்கீங்களா?

பழைய ஐக்கஃப்காரன்:
நேத்து எங்க பங்கு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தியானப் பிரசங்க ஆடியோ வந்துச்சு. காலேஜ்ல சமூகநீதி, குடிசைப்பகுதின்னு அலையுற கத்தோலிக்க மாணவர் குழு எல்லாம் விசுவாசத்தை வளர்க்கலையாம், கட்சிக்கு ஆள் பிடிக்குதாம், மாணவனுக்கு வேண்டியது முழங்கால் மட்டும்தானாம், அதாவது ஜெபம். கேட்டதுல இருந்து மனசு ஆறல. 1924ல பிரெஞ்சு சேசுசபை ஃபாதர் கார்ட்டி இங்க மாணவர்களைச் சேர்த்து ஆரம்பிச்ச அகில இந்திய கத்தோலிக்க மாணவர் இயக்கம்தான் ஐக்கஃப், நூறு வருஷம் தாண்டியாச்சு, "அநீதியான சமூகத்துல பிறந்தோம், இதை இருந்தபடியே விட்டுட்டுப் போகமாட்டோம்"ங்கறதுதான் எங்க வாசகம், அதைச் சொல்லி வளர்ந்தவன் நான். சரி, ஐக்கஃபை விடுங்க. பாரிஸ்ல 1833ல ஓசானாம் என்ன பண்ணாரு? சட்டம் படிக்க வந்த பையன், விவாதக் கூட்டத்துல இன்னொரு மாணவன் எழுந்து, "உங்க திருச்சபை பழைய காலத்துல நல்லது பண்ணுச்சு சரி, இன்னைக்கு ஏழைக்கு என்னய்யா பண்றீங்க"ன்னு கேட்டுட்டான். கேட்ட கேள்வி சுருக்குன்னு தைச்சது. கூட்டாளியைக் கூட்டிக்கிட்டு தன் ரூம்ல மிச்சம் இருந்த விறகைத் தூக்கிட்டு ஒரு ஏழை வீட்டுக்குப் போனாரு. அந்த விறகுலதான், ஏழைங்க வீடு தேடிப் போய் உதவுற வின்சென்ட் தே பவுல் சபையே பிறந்தது. முதல்ல விறகு. முழங்கால் அப்புறம்.

மணப்பாட்டுப் பொண்ணு:
அண்ணே வணக்கம். வரலாறு சொல்லும்போது பாதியை முழுங்கிடாதீங்க. 1833 ஏப்ரல் 23, ஓசானாமோட இருபதாவது பிறந்தநாள், அன்னைக்குத்தான் முதல் கூட்டம். அது தூய ஆவி ஜெபத்தோட ஆரம்பிச்சதுன்னுதான் நான் படிச்சிருக்கேன். ஜெபம் சொல்லி, வாசகம் வாசிச்சு, அப்புறம்தான் எந்த வீட்டுக்குப் போறதுன்னு பேசியிருக்காங்க. முதல்ல ஜெபம். விறகு அப்புறம்.

பழைய ஐக்கஃப்காரன்:
கூட்டம் ஆரம்பிச்சது ஜெபத்துலன்னு யார் மறுத்தா? கூட்டத்தைக் கூட்டணும்னு தோணினது எதனால? அந்தக் கேள்வியால, அந்த விறகால. நான் காரணத்தைச் சொல்றேன், நீங்க நிகழ்ச்சி நிரலைச் சொல்றீங்க.

திருச்சி டிப்போ:
ஏப்ரல் மாசத்துல எதுக்குங்க விறகு? குளிர்காலம் முடிஞ்சிருக்குமே. இந்தக் கதையே பின்னாடி யாரோ சேர்த்ததா இருக்கும்.

பழைய ஐக்கஃப்காரன்:
தம்பி, பாரிஸ் என்ன லால்குடியா? ஏப்ரல் ராத்திரி அங்க குளிரும். குளிரலன்னே வச்சுக்க, அடுப்பு எரிய விறகு வேணாமா? 1833ல கேஸ் சிலிண்டரா இருந்துச்சு? முந்தின வருஷம்தான் காலரா வந்து பாரிஸ்ல ஆயிரக்கணக்குல செத்தாங்க, சம்பாதிக்கிற ஆள் போன வீடு எத்தனை, அந்த வீட்டுக்கு விறகு என்னன்னு உனக்குத் தெரியுமா?

கோட்டாத்துக்காரன்:
எனக்கு ஒரு சின்ன சந்தேகம். விசுவாசத்துல வளர்றதுன்னா என்னன்னு முதல்ல ரெண்டு பேரும் சொல்லிட்டு அப்புறம் சண்டை போடலாமே. பூசைக்குப் போற எண்ணிக்கையா, பைபிள் அறிவா, நடத்தையா?

மணப்பாட்டுப் பொண்ணு:
டிப்போ கேட்டது நியாயமான கேள்விதான். விறகு கதைக்கு தேதி இல்ல. கூட்டத்துக்கு தேதி இருக்கு. தேதி இருக்கிறதை நம்புவேன்.

பழைய ஐக்கஃப்காரன்:
தேதி இருந்தாத்தான் நம்புவீங்களா? அப்போ கிறிஸ்துமஸ் தேதி விவிலியத்துல எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்.

ஃபர்ஸ்ட் இயர்:
அண்ணா அக்கா ஒரு உதவி. நான் இந்த வருஷம்தான் ஒரு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல சேர்ந்திருக்கேன், டவுன்ல இருந்து 28 கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை கேட்டு 7 மணிக்குத்தான் திறக்கறாங்க, பஸ் 6.40க்கே போயிடுது, அடுத்த பஸ் பிடிச்சுப் போனா பூசை நற்கருணை நேரத்துக்கு வந்துடுது. மூணு வாரமா அப்படித்தான். யாராச்சும் இப்படி இருந்திருக்கீங்களா?

மணப்பாட்டுப் பொண்ணு:
நான் சொல்ல வந்ததை இந்தத் தங்கச்சியே சொல்லிட்டா பாருங்க. நானும் அப்படி ஒரு கேம்பஸ்லதான் நாலு வருஷம் படிச்சேன், கோயில் கிடையாது, ஃபாதர் கிடையாது, ஆயிரத்துச் சொச்சம் பொண்ணுங்கள்ல நாங்க அஞ்சு கத்தோலிக்கப் பொண்ணுங்க. ராத்திரி மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, துணி காயுற கொடிக்குக் கீழ உக்காந்து போன் வெளிச்சத்துல ஜெபமாலை சொல்லுவோம். ஒருநாள் என் மாலை அறுந்து மணி எல்லாம் உருண்டு மழைத்தண்ணி போற ஓட்டைக்குள்ள போயிடுச்சு, மிச்சம் முப்பத்தியொன்னு, மீதியை விரல்ல எண்ணி முடிச்சோம். ஹால்ல பெந்தெகொஸ்தே பொண்ணுங்க கிடாரோட பாடுவாங்க, கூப்பிடுவாங்க, அன்பாத்தான் கூப்பிடுவாங்க, எங்க கூட்டத்துல ஒருத்தி செகண்ட் இயர்ல அங்க போயிட்டா, இன்னைக்கு வரைக்கும் திரும்பல. அவளைப் பிடிச்சு நிறுத்த எங்ககிட்ட அப்போ குடிசைப்பகுதி சர்வே இல்ல, விவாத மேடை இல்ல. மிச்ச நாலு பேரு நின்னோம்னா அந்த முப்பத்தியொன்னு மணியிலதான் நின்னோம். அதை முழங்கால்னு ஒரு சொல்லுல தள்ளிட்டுப் போயிடாதீங்கண்ணே.

பழைய ஐக்கஃப்காரன்:
தங்கச்சி, உன் ஜெபமாலையை நான் குறை சொல்லவே இல்ல. குறை சொன்னது அந்த ஆடியோ ஆளு, எங்களைத்தான் சொன்னாரு. நாங்க ஜெபம் பண்ணாமலா இருந்தோம்? ஆனா நாங்க படிச்ச காலத்துல சாயங்காலம் அஞ்சரைக்கு காலேஜ் பின்கேட்டுக்கு வெளியில துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புல பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்போம். ஒரு பொடியன் சிலேட்டுல ஏழாம் வாய்ப்பாடு எழுதிட்டு அழிக்கவே மாட்டான், அப்பா வேலை முடிஞ்சு வந்து பாக்கணும்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பான். எட்டு மணி ஆகும் அவங்க அப்பா வர. அந்த வாசல்ல அவன்கூட உக்காந்திருந்தப்போ எனக்குக் கிடைச்சது எந்த மூணு நாள் தியானத்துலயும் கிடைக்கல. அதுவும் விசுவாசம்தான். எழுதி வச்சுக்கோ.

கோட்டாத்துக்காரன்:
இப்பவும் யாரும் விசுவாசத்துல வளர்றதுன்னா என்னன்னு சொல்லல.

சாந்தோம் பீச்:
செபமாலைன்னு எழுதுங்கப்பா, ஜெபமாலை இல்ல. திருவழிபாட்டுப் புத்தகத்துல செபம்னுதான் இருக்கு.

மணப்பாட்டுப் பொண்ணு:
எங்க ஆத்தா ஜெபமாலைன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க, மாதா அதையும் கேட்டுக்கிட்டாங்க.

சாந்தோம் பீச்:
ஆத்தா சொன்னாங்கன்னா தமிழ் மாறிடுமா? இப்படித்தான் ஒவ்வொண்ணா போச்சு.

திருச்சி டிப்போ:
ஜெபம் வேணாங்கறவங்களுக்கு இதுக்குப் பதில் சொல்லுங்க. 1967 பிப்ரவரி, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க், டுகேன் யுனிவர்சிட்டி மாணவர்கள் ஒரு வார இறுதி தியானத்துக்குப் போறாங்க, அங்க இருந்துதான் அருங்கொடை இயக்கம், அதான் கரிஸ்மாட்டிக் ஜெபக்கூட்டம், உலகம் பூரா பரவுச்சு. யார் ஆரம்பிச்சா? கேம்பஸ் பசங்க. எப்படி? ஜெபத்துல. அதுல எங்கயாச்சும் விறகு இருக்கா?

பழைய ஐக்கஃப்காரன்:
1833ல நடந்ததைக் கேட்டா 1967க்கு ஓடுறீங்க. நான் ஓடமாட்டேன், இங்கயே நிக்கிறேன். அந்த மாணவன் ஓசானாமைப் பாத்து "எத்தனை ஜெபமாலை சொன்னீங்க"ன்னு கேட்டானா? "என்ன பண்றீங்க"ன்னு கேட்டான். பதில் என்ன? விறகு. பெல்ஜியத்து கார்டைன் ஃபாதர் தொழிலாளர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த "பார், தீர்மானி, செயல்படு" முறையை 23ம் யோவான் பாப்பரசர் 1961ல தன் சுற்றுமடல்லயே எடுத்து எழுதியிருக்காரு. பாப்பரசரும் கட்சிக்கு ஆள் பிடிச்சாரா? அதை அந்த ஆடியோ ஆளுகிட்ட போய்க் கேளுங்க.

மணப்பாட்டுப் பொண்ணு:
நீங்க சொல்ற அதே ஓசானாமுக்கு எந்தெந்த ஏழை வீட்டுக்குப் போகணும்னு காட்டினது யாரு? ரொசாலி சிஸ்டர். பாரிஸ்ல ஏழைங்க இருந்த முஃப்தார் தெருப் பக்கம் ஐம்பது வருஷம் கிடந்தவங்க. அந்தக் கன்னியாஸ்திரி காலையில முழங்கால்ல நிக்காம தெருவுக்குப் போனதே இல்ல. அவங்க பேரை நீங்க ஒரு தடவைகூட எழுதல. ரெண்டு பசங்க விறகு தூக்கின கதை மட்டும்தான் உங்களுக்குத் தெரியுது.

பழைய ஐக்கஃப்காரன்:
ரொசாலி சிஸ்டரை நான் மறக்கல, எழுத மேட்டர் வரல. அவங்களும் வீட்டு லிஸ்ட்தான் கொடுத்தாங்க, தியான லிஸ்ட் கொடுக்கல. என் பக்கம்தான் சாட்சி சொல்றீங்க, புரியலையா?

திருச்சி டிப்போ:
அண்ணே நீங்க எல்லாத்தையும் உங்க பக்கம் இழுத்துக்குவீங்க. அந்த ஈஸ்டர் கேம்ப் கணக்கையும் இப்படித்தான் இழுத்தீங்க.

பழைய ஐக்கஃப்காரன்:
எந்தக் கணக்கு? தைரியமா சொல்லு.

திருச்சி டிப்போ:
சாப்பாட்டுக்கு வாங்கின 4,200 ரூபாய்க்கு பில் கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் வரல.

பழைய ஐக்கஃப்காரன்:
பில்லை உன் கையிலயே கொடுத்தேன், சாப்பாட்டுப் பந்தியில வச்சு, ரெண்டு பேரு பாத்தாங்க. நீ அதுல பாட்டு லிஸ்ட் எழுதித் தொலைச்ச. என் நாணயத்தைப் பேசற வேலை வச்சுக்காத.

திருச்சி டிப்போ:
பாட்டு லிஸ்ட் எழுதினது நோட்டீஸ் பின்னாடி. பில்லு இல்ல.

கோட்டாத்துக்காரன்:
இதைத் தனியா பேசிக்கோங்க. ஒன்னு மட்டும் நான் சொல்றேன். எங்க காலேஜ் குரூப்ல 1950 ஜனாதிபதி ஆணை பத்திப் பேசினோம், தலித் மதம் மாறி கிறிஸ்தவன் ஆனா எஸ்.சி. பட்டியல்ல இடம் இல்லங்கற ஆணை. பேசி முடிச்சதும் ஒரு பையன் எழுந்து, "அரசாங்கத்தை விடுங்க, எங்க ஊர் கல்லறையில நடுவுல சுவர் இருக்கு, எங்க தாத்தா அந்தப் பக்கம் கிடக்காரு"ன்னான். ரூம்ல யாரும் வாய் திறக்கல. அடுத்த வாரம் பாதிப் பேரு வரல, "ஆன்மீகம் பேசுவோம்னு வந்தோம், சாதி பேசுறாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பையன் மட்டும் படிப்பு முடியுற வரைக்கும் வந்தான். இதுல எது முழங்கால், எது விறகு?

சாந்தோம் பீச்:
சாதியை இங்க இழுக்காதீங்க, இது மாணவர் விசுவாசம் பத்தின விவாதம்.

கோட்டாத்துக்காரன்:
அந்தப் பையனும் மாணவன்தானே சார். அவன் விசுவாசம் எந்தக் கணக்குல வருது?

பழைய ஐக்கஃப்காரன்:
கோட்டாறு தம்பி கேட்டது சரியான கேள்வி, இதைத்தான் காலையில இருந்து சொல்றேன். அந்தப் பையன் கூட நிக்கிறதுதான் விறகு. இன்னொரு ஆளையும் சொல்றேன், ஃபிரசாத்தி, இத்தாலில தூரின்ல சுரங்க இன்ஜினியரிங் படிச்ச பையன், கத்தோலிக்க மாணவர் சங்கத்துல இருந்தவன், முசோலினி ஆளுங்களை எதிர்த்து நின்னவன், 1925 ஜூலை 4ல போலியோ வந்து 24 வயசுல போயிட்டான். சவ ஊர்வலத்துக்கு தூரின் ஏழைங்க தெரு அடைச்சு வந்ததைப் பாத்துத்தான் பெத்தவங்களுக்கே புரிஞ்சது மகன் இத்தனை நாளா எங்க போய் வந்தான்னு. 2025 செப்டம்பர் 7ல புனிதர் ஆக்கியாச்சு. அரசியல் பேசின மாணவனை திருச்சபை பீடத்துல ஏத்தியிருக்கு, ஆடியோ ஆளு என்ன சொல்லுவாரு?

மணப்பாட்டுப் பொண்ணு:
அய்யோ அண்ணே, மறுபடியும் பாதியை முழுங்கிட்டீங்க. ஃபிரசாத்தி தினமும் நற்கருணை வாங்கினவரு. ராத்திரி ஆராதனைக்குப் போய் விடிய விடிய இருந்தவரு. ஜெபமாலைப் பைத்தியம். சாமிநாதர் மூன்றாம் சபையில, அதாவது துறவி ஆகாத பொதுநிலையினருக்கான சபையில, சேர்ந்தவரு. அவரை உங்க கட்சிக் கொடிக்குக் கீழ நிறுத்துறதுக்கு முன்னாடி அவர் முழங்காலையும் கொஞ்சம் பாருங்க.

பழைய ஐக்கஃப்காரன்:
முழங்கால் இருந்துச்சு, சரி. ஆனா அவரும் வின்சென்ட் தே பவுல் சபைதான். யாரு ஆரம்பிச்ச சபை? எதுல ஆரம்பிச்சது?

மணப்பாட்டுப் பொண்ணு:
ஜெபத்துல.

பழைய ஐக்கஃப்காரன்:
விறகுல.

திருச்சி டிப்போ:
ஏப்ரல் மாசத்துல.

சாந்தோம் பீச்:
செபத்துல.

ஃபர்ஸ்ட் இயர்:
யாருக்காச்சும் என் கேள்விக்கு பதில் தெரியுமா? நாளைக்கு சனிக்கிழமை.

கோட்டாத்துக்காரன்:
தங்கச்சி, நீ இருக்கிற பக்கம் எந்தப் பங்குன்னு கண்டுபிடிச்சு பங்குத்தந்தைக்கு போன் போடு, சனி சாயங்காலப் பூசை இருந்தா அதுவே ஞாயிறு பூசைக் கடமைக்குச் செல்லும். வார்டன்கிட்ட நாலஞ்சு பேரா கையெழுத்துப் போட்டு லெட்டர் கொடுங்க, தனியா போனா கேக்க மாட்டாங்க, எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான் ஆறரைக்கு கேட்டைத் திறக்க வச்சோம். உன்கூட வேற கத்தோலிக்கப் பிள்ளைங்க இருக்காங்களா?

ஃபர்ஸ்ட் இயர்:
ரெண்டு பேரு தெரியும் அண்ணா. ஒருத்தி மலையாளி, ஒருத்தி ராஞ்சி பக்கம். மூணு பேருக்கும் சேர்ந்து ஜெபிக்க ஒரு பாஷை இல்ல, இங்கிலீஷ்ல சொல்லுவோம், அருள் நிறைந்த மந்திரம், அந்த மாதா ஜெபம் மட்டும் அவங்கவங்க பாஷையில சொல்லிக்குவோம்.

மணப்பாட்டுப் பொண்ணு:
இதைத்தான் அண்ணே சொல்றேன். மூணு பேரு, மூணு பாஷை, ஒரு ஜெபமாலை. இங்க இருந்துதான் ஆரம்பம்.

பழைய ஐக்கஃப்காரன்:
அந்த ராஞ்சிப் பொண்ணு இவ்வளவு தூரம் எப்படி வந்தா, ஃபீஸ் யாரு கட்டுறாங்க, தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் காசு இருக்கா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதான்னு கேட்டியாம்மா? கேட்டுப் பாரு. அங்க இருந்துதான் ஆரம்பம்.

மணப்பாட்டுப் பொண்ணு:
ஜெபிச்சதாலதான் கேக்கவே தோணும்.

பழைய ஐக்கஃப்காரன்:
கேட்டதாலதான் ஓசானாமுக்கு ஜெபிக்கவே வாய் வந்துச்சு.

திருச்சி டிப்போ:
4,200க்கு பில்.

பழைய ஐக்கஃப்காரன்:
உன் வீட்டு மேஜை டிராயர்ல தேடு. மணப்பாட்டுத் தங்கச்சி, நீ சொல்லு, விறகு கதை பொய்யா? ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை.

மணப்பாட்டுப் பொண்ணு:
பொய்னு நான் எங்க சொன்னேன்? முதல்ல எதுங்கறதுதான் கேள்வி. இப்போ எங்க பங்குல ஆராதனை, மணி அடிச்சாச்சு. முடிச்சிட்டு வந்து எழுதறேன்.

பழைய ஐக்கஃப்காரன்:
போயிட்டு வா. எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லு. வந்ததும் விறகுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசு, நான் இங்கயே இருப்பேன்.